இடது வளைவில் மட்டும் நின்ற கார்

போன மாதம், மகளைக் கட்டிக்கொடுத்த கேரள மலை ஊரான ஏலப்பாறையில் என் சம்மந்தியம்மா எங்கள் கார் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

எந்த நேரத்தில் தெரியுமா? மகளுக்கு வளைகாப்பு முடிந்து, பந்தியும் முடிந்து, அவளைத் தலைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில். பெட்டிகளை டிக்கியில் ஏற்றியாகிவிட்டது. நித்யா இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு, ஏழு மாத வயிற்றோடு, செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். வாசலில் சொந்தக்காரர்கள் முப்பது பேர்.

"சாவியக் கொஞ்சம் குடுங்க சம்மந்தி" என்றார். ஏதோ சாமான் வைக்கக் கேட்கிறார் என்று நினைத்து என் வீட்டுக்காரரும் நீட்டிவிட்டார். அவ்வளவுதான்... போயிற்று.

"இந்த வண்டியில எம் மருமவள ஏத்த மாட்டேன். என் ஜீப்புல நானே கொண்டாந்து விடுதேன்."

முப்பது பேரும் கிட்டே நகர்ந்து வந்தார்கள்.

தலைப் பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப்போவதுதான் முறை. மாமியாரே ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினால் எங்கள் ஊரில் என்ன பேசுவார்கள்? நாங்கள் இருப்பது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அங்கே ஒரு வீட்டில் தோசை கருகினால் அடுத்த தோப்பில் பேச்சாகும். இது கிடைத்தால் பத்து வருஷம் ஓட்டுவார்கள். என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நியாயம் சம்மந்தியம்மா பக்கம்தான் இருந்தது.

எங்கள் கார் பழைய கார். 'பழைய' என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். "செட் ஆன வண்டி" என்று சொல்ல வேண்டும். இந்த செட் ஆன வண்டி இரண்டு தடவை எங்களை நட்டாற்றில் விட்டிருந்தது. ஆற்றில்கூட இல்லை... மலையில்.

முதல் தடவை, நித்யாவுக்கு நாலாம் மாதம். ஏலப்பாறையில் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறோம். குமுளியைத் தாண்டிக் கம்பம் பக்கம் இறங்கும் மலைப்பாதை. ஒரு வளைவில் இன்ஜின் இருமியது. இவர் என்னைப் பார்த்தார் – ஏதோ நான் இருமியது மாதிரி. அடுத்த கொண்டை ஊசி வளைவில் க்ளட்சை மிதித்தார், இன்ஜின் அப்படியே அணைந்துவிட்டது. ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி கனத்துப்போக, பிரேக்கும் இறுகிப்போக, கைப் பிரேக்கை இழுத்து ஒரு வழியாய் நிறுத்தினார். எட்டிப் பார்த்தால் பள்ளம். பின்னால் வந்த பஸ் டிரைவர் எங்கள் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

நாலு தடவை ஸ்டார்ட் செய்ததும் வண்டி ஒன்றும் நடக்காதது போல ஓடியது. ரெண்டு வளைவு தாண்டி மறுபடி அதே கதை.

வேடிக்கை என்னவென்றால், ஏறும்போது ஒரு தொந்தரவும் கிடையாது. இறங்கும்போது மட்டும்தான். அடிவாரத்துக்கு வந்து பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, பெட்ரோல் போட்டுக் கிளம்பியதும் வீடு வரை சமர்த்தாக வந்தது. (இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை!)

ஊருக்கு வந்ததும் மெக்கானிக்கிடம் போனோம். இவர் உலகத்தில் நம்புகிற ஒரே மனிதர் அந்த மெக்கானிக்.

"வளையறப்ப மட்டும் நிக்குதுங்களா? அப்ப பெட்ரோல் ஒழுங்கா வர்றதில்லீங்க. எங்கியோ அடைப்பு. இல்லீன்னா வயரு லூஸு."

ஃபில்டரை மாற்றினார். ஸ்பார்க் ப்ளக்கை மாற்றினார். வயர்களை எல்லாம் இழுத்துக் கட்டினார். சரி, ஓட்டிப் பார்க்க வேண்டுமே? எங்கள் ஊர் ரோடு உங்களுக்குத் தெரியாது. தென்னைக்கு நடுவே கோடு போட்ட மாதிரி போகும். வளைவுக்கு எங்கே போவது? கடைசியில் எங்கள் தோப்பில் தேங்காய் உலர்த்தும் களத்துக்கே காரைக் கொண்டுவந்தார்கள். மெக்கானிக் செக்கு மாடு மாதிரி சுற்றினார். வலப்பக்கம் இருபது சுற்று, இடப்பக்கம் இருபது சுற்று. கொப்பரை போடவந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். கார் நிற்கவே இல்லை. இறங்கிவந்த மெக்கானிக்தான் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்.

"வண்டி தங்கமாட்டம் இருக்குதுங்க" என்றார், கண்ணை மூடிக்கொண்டே.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. "வண்டி நிக்கறப்ப டேங்க்குல பெட்ரோல் எவ்வளவுங்க இருந்துச்சு?"

இவர் சொன்னார்: "இருந்துச்சு, இருந்துச்சு. வேணுங்கறது இருந்துச்சு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று சொல்ல, எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருப்பது கேரளாவில். பெட்ரோல் போடுவது தமிழ்நாட்டில். அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அதனால் எல்லை தாண்டித்தான் டேங்க்கை நிரப்புவோம். அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கம் லாட்டரிச் சீட்டு வாங்க வருவார்கள், நாங்கள் பெட்ரோலுக்கு அந்தப் பக்கம் போவோம். போய்வருவதில் எரிகிற பெட்ரோலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் மனசு கஷ்டப்படும்.

இதில் என் வீட்டுக்காரர் ஒரு படி மேல். கேரள மண்ணில் பெட்ரோல் போடுவதை அவர் ஒரு தோல்வியாகவே நினைக்கிறார். ஊரில் எல்லை தாண்டி நிரப்பினால் ஏலப்பாறை வரை வரும். அங்கே இரண்டு நாள் சுற்றுவதற்கும் வரும். திரும்பி இறங்குவதற்கு? "மலையெறங்கீட்டா அடிவாரத்துல தமிழ்நாட்டுப் பங்க்கு இருக்குது புள்ள. அது வரைக்கும் தாக்குப் புடிக்கும்." முள் படுத்துவிடும். டேங்க்கின் அடியில் இரண்டு மூன்று லிட்டர் தளும்பிக்கொண்டிருக்கும். ரிசர்வ் விளக்கு மஞ்சளாய் எரியும். அது கண்ணைக் குத்துகிறது என்று அதன்மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்!

இதைப் போய் மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது? தோப்பும் துரவுமாக இருக்கிற மனிதர், மருமகனைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறவர், டேங்க்கில் இரண்டு லிட்டரோடு மலையிறங்குகிறார் என்றால்... அசிங்கம் இல்லையா? புருஷன் மானத்தை வர்க்‌ஷாப்பில் ஏற்றக் கூடாது என்று நானும் இருந்துவிட்டேன். மெக்கானிக்கும் சந்தேகப்படவில்லை. வர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டி எல்லாம் காலி டேங்க்கோடுதான் வரும், இருக்கிற பெட்ரோலை மெக்கானிக்குகள் ஓட்டித் தீர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில். அவரே அஞ்சு லிட்டர் ஊற்றித்தான் அந்த நாற்பது சுற்றையும் சுற்றினார். பிறகு எப்படி நிற்கும்?

இரண்டாவது தடவை ஆறாம் மாதம். அதே மலை, அதே இறக்கம், அதே நிற்றல். "நித்யாகிட்டச் சொல்லீராத" என்று இவர் கண்டிப்பாகச் சொன்னார். நான் சொல்லிவிட்டேன். அவள் மாமியாரிடம் சொல்லிவிட்டாள். அப்படித்தான் சாவி இடுப்பில் ஏறியது.

சம்மந்தியம்மாவைப் பற்றிச் சொல்லவில்லையே. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பூர்வீகம் தென்காசிப் பக்கம், பேச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போது மாடியை ஹோம்ஸ்டேயாக விட்டு, வருகிற டூரிஸ்டுகளைத் தானே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலை மலையாய்க் காட்டுகிறார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்தால் நமக்கு எழுந்து நிற்கத் தோன்றும்.

"எல்லாம் செரி பண்ணியாச்சுங்க சம்மந்தியம்மா" என்று இவர் கெஞ்சினார். "ஃபில்டரு புதுசு, ப்ளக்கு புதுசு..."

"வளைவுல ஓட்டிப் பாத்தாகளா?"

"களத்துல நாப்பது சுத்து..."

"களத்துலயா? நெல்லா அடிக்கப் போறீக?" என்றவர், சேலையைச் செருகினார். "வாங்க ரெண்டு பேரும். நித்யா, நீ உள்ள போயி உக்காரு தாயி. நான் ஓட்டிப் பாக்கேன். நிக்கலன்னா உங்க வண்டி. நின்னா என் ஜீப்பு."

சொந்தக்காரர்களுக்கு இன்னொரு காபி போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். இவர் பின் சீட்டில். என்னை முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். தேயிலைச் சரிவில் ரோடு இறங்குகிறது. முதல் வளைவு – ஒன்றுமில்லை. இரண்டாவது – ஒன்றுமில்லை. இவர் பின்னால் கையைக் கூப்பிக்கொண்டு என்னவோ முணுமுணுக்கிறார். மூன்றாவது நீளமான வளைவு. இன்ஜின் இருமியது... அணைந்தது.

"இதேதானுங்க! இதேதானுங்க!" என்று இவர் சந்தோஷமாகக் கத்தினார். தான் பொய் சொல்லவில்லை என்று நிரூபித்த பெருமை. கத்தி முடித்த பிறகுதான் பந்தயம் என்ன என்பது ஞாபகம் வந்தது.

சம்மந்தியம்மா பதறவே இல்லை. காரை ஓரத்தில் உருட்டி நிறுத்தினார். "எந்தப் பக்கம் திரும்பயில நிக்கும்?"

"ரெண்டு பக்கமுந்தானுங்க" என்றார் இவர்.

"இல்லைங்க" என்றேன் நான்.

அந்த இரண்டு பயணத்திலும் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். கவனித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, உடம்புக்குத் தெரிந்திருந்தது. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது நான் கதவில் போய் இடிப்பேன். அப்போது நிற்காது. இடப்பக்கம் திரும்பும்போது இவர் தோள் பக்கம் சாய்வேன். அப்போதுதான் நிற்கும். முப்பது வருஷக் குடித்தனத்தில் நான் இவர் பக்கம் சாய்ந்தால் ஏதாவது நின்றுபோவது வழக்கம்தான் என்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சம்மந்தியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மதினி, நீங்க சாயுத பக்கந்தான பெட்ரோலும் சாயும்? டேங்க்கு நெறைய இருந்தா எந்தப் பக்கம் சாஞ்சாலும் உறிஞ்சுத எடத்துல பெட்ரோல் நிக்கும். அடியில கொஞ்சூண்டு கெடந்தா ஒரு பக்கமா ஒதுங்கிரும். அங்கிட்டு காத்தத்தான் உறிஞ்சும். இறக்கத்துல முன்னாலயும் ஓடிரும்." சொல்லிக்கொண்டே மீட்டர் பக்கம் குனிந்தார். "முள்ளு என்ன இப்படிப் படுத்துக் கெடக்கு?"

"அது முள்ளு செரியில்லீங்க. எப்பவும் கம்மியாத்தான் காட்டும்" என்றார் இவர் பின்னாலிருந்து.

"அப்ப பிள்ளையாரு ஏன் மினுங்குதாரு?"

சம்மந்தியம்மா நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

கண்ணாடியில் இவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. சொல்லாதே என்கிற பார்வை. எனக்கு அந்த நிமிஷம் மனசில் வந்தது கொண்டை ஊசி வளைவும், எட்டிப் பார்த்த பள்ளமும், அன்றைக்குப் பின் சீட்டில் ஏற இருந்த நித்யாவும்தான். போகட்டும் மானம்.

"முள்ளு நல்லாத்தான் இருக்குதுங்க சம்மந்தியம்மா. இவரு கேரளாவுல பெட்ரோல் போட மாட்டாருங்க. ரெண்டு தடவையும் ரிசர்வுலதான் எறங்குனோம். இன்னிக்கும் அப்படித்தான் எறங்கியிருப்போம்."

சம்மந்தியம்மா திரும்பி இவரைப் பார்த்தார். கோபத்தில் அவருக்குக் குரல் ஏறவில்லை, இறங்கிவிட்டது. "வாயும் வயிறுமா இருக்க பிள்ளய சம்மந்தி... இந்த ரெண்டு லிட்டர நம்பியா கூட்டிட்டுப் போகப் பாத்தீக?"

இவர் ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "முள்ளு செரியில்லீங்க" என்று மட்டும் இன்னொரு தடவை சொன்னார். சொன்னது அவருக்கே கேட்டிருக்காது.

வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆனதும் சம்மந்தியம்மா நேராக ஏலப்பாறை பங்க்கில் கொண்டுபோய் நிறுத்தினார். இவர் இறங்கினார். என் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக, கேரள மண்ணில் நின்றுகொண்டு, என் வீட்டுக்காரர் வாயிலிருந்து "ஃபுல்" என்ற சொல் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. பங்க்கில் இருந்தவர் "எத்ர?" – எவ்வளவு – என்று மலையாளத்தில் திருப்பிக் கேட்டார். இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று, பாவம்.

அதே இறக்கம். அதே நீள வளைவு. சம்மந்தியம்மா ஆறு தடவை போய்த் திரும்பி ஓட்டினார். ஒரு தடவைகூட இருமவில்லை வண்டி. ஆறாவது தடவை முடிந்ததும் இறங்கி, சாவியை இவர் கையில் வைத்தார்.

"கூட்டிட்டுப் போங்க சம்மந்தி. ஆனா குமுளியில நிறுத்தி, முள்ளப் படம் புடிச்சு எனக்கு அனுப்பணும். பாத்துட்டு நான் சொன்னப்பெறவுதான் மலையெறங்கணும்."

அனுப்பினார். குமுளியில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று, வீட்டு வாசலில் ஒன்று. மூன்றுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து உயர்த்திய கட்டைவிரல் படம் வந்தது. எட்டு வயதில் நித்யா பரீட்சை மார்க்கை அப்பாவிடம் காட்டப் பயந்தாள்... இவர் அறுபதில் பெட்ரோல் முள்ளைச் சம்மந்திக்குக் காட்டிக்கொண்டு வந்தார். வண்டி ஒரு வளைவில்கூட நிற்கவில்லை. நித்யா வழியெல்லாம் தூங்கினாள்.

ஊருக்கு வந்து மெக்கானிக்கிடம் இந்தத் தடவை எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவர் டேங்க்கைத் திறந்தார். உள்ளே பம்ப்பைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம் உண்டாம், வளைவில் பெட்ரோல் ஒதுங்காமல் பிடித்து வைக்க. அது விரிசல் விட்டிருந்தது.

"ரெண்டு லிட்டர்ல ஓட்டறீங்கன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே தெறந்து பாத்திருப்பனுங்க. எதுக்குங்க என்னைய நாப்பது சுத்து சுத்த உட்டீங்க?" என்றார். அவர் வருத்தம் அவருக்கு.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோரும் இப்படித்தான் இல்லையா? சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போவோம், காலையில் பதினைந்து பலாச்சுளை உள்ளே போனதைச் சொல்ல மாட்டோம். ஃபோன் தண்ணீரில் விழுந்திருக்கும், "சும்மா மேசையில வெச்சிருந்தேங்க, அதுவா அணைஞ்சுருச்சு" என்போம். ரிப்பேர் செய்கிறவரிடம் எல்லாவற்றையும் சொல்வோம் – நடந்த ஒன்றைத் தவிர. அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்பதுதான் கவலை. டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். மெக்கானிக்கைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் மசியவே இல்லை. கிண்ணம் உடைந்ததுதான் காரணம், தன்மேல் தப்பே கிடையாது என்று ஊர் முழுக்கச் சொல்லிவந்தார். நானும் விட்டுவிட்டேன். அறுபது வயதில் ஒரு மனிதரை எவ்வளவுதான் திருத்துவது?

இந்த வாரம் நித்யாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எட்டாம் மாதச் செக்கப். நர்ஸ் ப்ரெஷர் பார்த்தார். கொஞ்சம்தான் கூட. டாக்டரம்மா சீட்டை எழுதிக்கொண்டே, "வேற தொந்தரவு ஏதாச்சும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றாள் நித்யா.

இருந்தது. இரண்டு நாளாக அவளுக்குத் தலைவலி. கண் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது என்றும் சொன்னாள். சொன்னால் அட்மிட் பண்ணிவிடுவார்கள், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வருகிற வழியில் எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்காத குறை. நானும்... இத்தனை எழுதுகிறேனே, நானும் தலையை ஆட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

கதவோரம் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் உள்ளே வந்துவிட்டார்.

"இருக்குதுங்க டாக்டர். ரெண்டு நாளா தலை வலிக்குதுங்க. கண்ணு மங்கலாத் தெரியுதுன்னு சொல்லுது. நீங்க என்ன ஏதுன்னு நல்லாப் பாருங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி ப்ரெஷர், ரத்தம், சிறுநீர், எல்லாம் பார்த்தார்கள். சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். மாத்திரை எழுதி, இரண்டு நாளுக்கு ஒரு தடவை வரச் சொன்னார். "பயப்பட வேண்டாம். ஆனா சொன்னீங்களே, அதுதான் நல்லதாச்சு" என்றார்.

காரில் ஏறியதும் நித்யா அப்பாமேல் பாய்ந்தாள். "ஏப்பா, யாரும் சொல்லக் கூடாதுன்னு அவ்வளவு சொன்னனல்ல? அப்புறம் எதுக்குச் சொன்னீங்க?"

இவர் சாவியைப் போட்டார். ஸ்டார்ட் செய்யாமல் அவள் பக்கம் திரும்பினார்.

"மெக்கானிக்குகிட்ட ஒருக்கா சொல்லாம உட்டுப்போட்டு, உன்னைய மலையெறக்கப் பாத்தேன் சாமி. அதோட போச்சு."